உப்பளத்து அறிவும் இலாகா ஏடும்

உப்பின் சரித்திரம் என்று தொடங்குவோர் பெரும்பாலும் உப்பு வரியின் சரித்திரத்தையே எழுதி முடிக்கின்றனர். வரி எப்போது விதிக்கப்பட்டது, எவ்வளவு உயர்ந்தது, எதிர்த்தவர் யார், எப்போது ஒழிந்தது என்பவற்றைப் பள்ளிச் சிறுவரும் ஒப்புவிப்பர். அவ்வரிக்கு இலக்கான உப்பை ஒருவன் எவ்வாறு விளைவித்தான், அவன் அறிந்தது யாது, அவ்வறிவு எங்கே எழுதி வைக்கப்பட்டது என்று கேட்பார் அரியர். இவ்விதழில் அவ்வினாவை மரக்காணத்து உப்பளங்களை முன்வைத்து ஆராயப் புகுகின்றோம். நம் சமூகத்தாருள் அளத்தொழிலோடு தொடர்புடையாரும் உளர். அல்லாதாரும் கடை, ஆலை, கழனி, காரியாலயம் என ஏதேனும் ஒரு தொழிலில் இருப்பவரே. கையறிவும் கண்ணறிவும் வேண்டும் எத்தொழிற்கும் இவ்வினா பொருந்துமாதலின், நேயர்கள் சிறிது பொறுமையோடு படிப்பார்களென்று நம்புகின்றோம்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ளது. கழுவேலி நீர்நிலை எடையன்திட்டுக் கழி வழியாகக் கடலோடு கலக்குமிடமும், வடக்கே காக்கிநாடாவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இவ்வூரை அடுத்தே உள்ளன. ஏறத்தாழ 3,500 ஏக்கர் அளங்களையுடைய இவ்வூர், தமிழ்நாட்டு உப்பு விளைவில் தூத்துக்குடிக்கும் வேதாரணியத்திற்கும் அடுத்தபடியாக எண்ணப்படுகின்றது. ஊர் பழமையானது. சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலர் கொள்கை. பூமீசுவரர் கோயிலின் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் உப்பளங்கள் பேசப்படுகின்றன. சங்கச் செய்யுட்கள் உப்பு விளைப்போரை ஏர் தொடாத உழவராகவும், அதனை வண்டியேற்றி உள்நாடு கொண்டு சென்றோரை உமணராகவும் காட்டும். உமணரின் வண்டியையும் எருதையும் பாடிய புலவர்கள், பாத்தியில் நீர் எப்போது முற்றும் என்பதைப் பாடினாரல்லர். அது பாட்டுக்குரிய பொருளன்று; அவர்மேற் குற்றமில்லை.

செய்முறை பார்ப்பவர் கண்ணுக்கு எளிது. நீரைப் பாய்ச்சுவர்; வெயில் காயும்; உப்பு விளையும்; வாரிக் குவிப்பர். அவ்வளவுதானே என்று எண்ணுவோர் ஒரு பருவம் அளத்தில் நின்று பார்த்தல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்த பின், தேங்கிய மழைநீரை வடித்து, கரைந்த வரப்பைக் கட்டி, பாத்தித் தரையை நனைத்து மிதிப்பர். எத்தனை நாள் மிதிப்பது, எவ்வளவு இறுகினாற் போதும் என்பதற்கு முழக்கோல் இல்லை. இறுக்கம் குறைந்தால் பாதி நீர் தரையிற் சுவறிப்போம்; எஞ்சிய நீரில் விளைந்த உப்பை வாரும்போது மண்ணும் உடன்வரும். போதும் என்பதை அளத்தார் குதிகாலால் அறிவர். பின்னர்க் கழிநீரையோ ஊற்றுநீரையோ முதலில் அகன்ற தேக்கங்களில் நிறுத்தி, அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே வருவர்.

இம்மாற்றத்திலேதான் சூக்குமம் இருக்கின்றது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் உப்பு 27 கிராம் அளவே. மற்றவை சுண்ணம், ஜிப்சம், மக்னீசிய உப்புக்கள் முதலியன. நீர் சுண்டச் சுண்ட முதலிற் சுண்ணமும், அதன்பின் ஜிப்சமும், அதன்பின் உண்ணும் உப்பும், கடைசியிற் கசப்பான மக்னீசிய உப்புக்களும் படியும். ஆகவே நல்லுப்பு என்பது ஓர் இடைக்காலத்தின் விளைவு. ஜிப்சம் பெரும்பாலும் கழியுமுன் நீரை உப்புப் பாத்திக்கு ஏற்றினால் அஃது உப்போடு கலந்து படியும். உப்பு விளைந்த பின்னும் பழைய நீரை வெளியேற்றாது பேராசையால் வைத்திருந்தால் மக்னீசியம் சேரும். அவ்வுப்பு நாவிற் கசக்கும், காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சாக்கிலே கசியும். உள்ளே விடும் வேளை ஒன்று, வெளியே விடும் வேளை ஒன்று. இவ்விரண்டையும் அறிவதே அளத்தொழிலின் உயிர்நிலை.

கருவி இல்லாத காலத்தில் இவற்றை எவ்வாறு அறிந்தனர்? நீர் முற்றும்போது செம்மை படர்வதைக் கண்டு அறிந்தனர். உப்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களே அந்நிறத்திற்குக் காரணமென்று பிற்காலத்து விஞ்ஞானம் கூறும். காற்றடங்கிய பிற்பகலில் நீர்மேல் ஆடைபோல் மிதக்கும் சிறு பளிங்குகளைக் கண்டு அறிந்தனர். கசப்புநீர் முற்றியதை விரலிடையே தோன்றும் வழவழப்பால் அறிந்தனர். மேற்கிலிருந்து வறண்ட கோடைக்காற்று வீசும் நாளில் நீர் எத்துணை விரைவிற் சுண்டும், கடலிலிருந்து கொண்டல் வீசும் நாளில் எவ்வளவு தாமதிக்கும் என்பது அவர்களுக்குப் பழக்கக் கணக்கு. மேகம் கறுத்தால், பாதி விளைந்த உப்பை உடனே வாருவதா, மழை விலகிப்போம் என்று விட்டு வைப்பதா என்னும் வழக்கைத் தீர்ப்பதற்கு அவர்களுக்கு அரை நாழிகைதான் உண்டு. தலைச்சுமையாக உப்பைக் கரைசேர்க்கும் பெண்டிரோ, கூடையின் கனத்தைக் கொண்டே நீர் வடிந்ததா இல்லையா என்று கூறிவிடுவர். அவர் சொல்லை எந்தக் குமாஸ்தா எழுதிக்கொண்டார்?

இவ்வறிவின்மேல் ஓர் ஆட்சியமைப்பு வந்து அமர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1805-ஆம் ஆண்டின் முதலாம் ரெகுலேஷனால் சென்னை மாகாணத்து உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். அளத்தார் விளைத்ததைச் சர்க்கார் வாங்கும். அதற்குக் கொடுக்கும் தொகைக்குக் குடிவாரம் என்று பெயர். சர்க்கார் விற்ற விலை கரிசைக்கு 70 ரூபாய். குடிவாரமோ அதில் ஒரு சிறு பங்கு. உப்பைக் குவித்துக் காக்கும் இடத்திற்கு வழங்கிய கொட்டாரம் என்னும் சொல் ஆங்கிலேயரின் ஏடுகளிலும் புகுந்து, அவர் நாவிற்கேற்பத் திரிந்து நிலைபெற்றது. மரக்காணமும் அவ்வேடுகளில் மெர்க்காணம் ஆயிற்று.

அவ்வேடுகள் கேட்ட கேள்விகள் யாவை என்று நோக்குதல் வேண்டும். அளம் யாருடையது, பாத்தி எத்தனை, விளைந்தது எத்தனை கரிசை, கொட்டாரம் சேர்ந்தது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு, காவல் யார், விற்றது யாருக்கு. இவையனைத்தும் கரைமேல் நின்றபடியே விடை காணத்தக்கவை. ஒன்றுக்கேனும் பாத்திக்குள் இறங்க வேண்டுவதில்லை. ஓர் ஏடு தனக்கு எது வேண்டுமோ அதைத்தான் கேட்கும். இலாகாவுக்கு வேண்டியிருந்தது வருமானம். ஆகவே எண்ணத்தக்கதும் பூட்டத்தக்கதும் எழுதப்பட்டன. கூலி அளவுக்குக் கிடைத்தது. ஆதலின் கசப்புநீரை உரிய வேளையில் வடித்துக் கொட்டியவன் தன் கூலியில் ஒரு பகுதியையும் உடன் கொட்டினான். அறிந்தவன் அறிந்தபடி செய்தால் நஷ்டம் வரும்படி ஓர் அமைப்பு வகுக்கப்படுமாயின், அவனுடைய அறிவு அடுத்த தலைமுறைக்குள் சோம்பிப் போவது இயல்பே.

இதனை இலாகாவின் தீமை என்று மட்டும் கொள்ளுதல் நியாயமன்று; எழுத்துக்கே உள்ள சுபாவம் இது. நம் சங்கத்தின் ஏடுகளையே எடுத்துக்கொள்க. சந்தாக் கணக்கு ஓரணாப் பிழையின்றி இருக்கும். ஆயிரம் பேர் கூடும் விழாவிற்குச் சமையலும் பந்தியும் முறைவழுவாது நடத்துகின்றாரே, அவர் எதை எதற்கு முன் செய்கின்றார், கூட்டம் மிகுந்தால் எதைக் குறைக்கின்றார் என்பது எந்த ஏட்டிலும் இராது. அவர் ஓராண்டு ஊரில் இல்லையெனில் நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

நிற்க. ஏகபோகத்தின் குறைகளை ஆராய 1876-இல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. அதன் பயனாக, உப்பை விளைப்பவனே தீர்வை கட்டி விற்கும் எக்ஸைஸ் முறை மாகாணத்தில் பரவலாயிற்று. ஏகபோக முறையும் சில அளங்களில் உடன் நடந்துவந்தது. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இரண்டையும் ஒழுங்கு செய்தது. இம்மாற்றத்தால் வாங்குபவன் கண் பாத்திவரை வந்தது. வெண்மையும் உறுதியும் உள்ள உப்புக்கு வியாபாரி கூட்டிக் கொடுக்க வழி பிறந்தது. 1877-இல் இராட்டன் என்னும் மருத்துவர் சென்னையில் வெளியிட்ட உப்புக் கைந்நூல், உப்பின் குணத்தையும் செய்முறையையும் ஆராய்ந்து எழுதப்பட்டது, ஆனால் ஆங்கிலத்தில். அதனை ஓர் அளத்தான் படித்திருக்க இடமில்லை.

குணத்தைக் கவனியாமையின் விலை சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துச் சந்தையை ஆண்டது இங்கிலாந்தின் செஷயர் நாட்டில் காய்ச்சி, லிவர்ப்பூல் துறைமுகத்திற் கப்பலேறிய உப்பு. வெயிலே எரிபொருளாகக் கிடைக்கும் இந்தக் கடற்கரையிருக்க, கரி எரித்துக் காய்ச்சிய உப்பு கடல் கடந்து வந்து கல்கத்தாவில் விலைபோயிற்று. கப்பற்காரரின் வசதியும் ஆட்சியாளரின் சாய்வும் இதற்குக் காரணம் என்பது மெய். வங்காளத்தார் வெண்மையும் நுண்மையும் உள்ள உப்பையே விரும்பினர் என்பதும் மெய். இரண்டாவதைப் பேச நாம் சிறிது கூசுகின்றோம்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. போமே என்னும் பிரெஞ்சு மருந்தாளர் 1768-இல் ஒரு கண்ணாடி மிதவையை அமைத்தார். தூய நீரில் அது காட்டும் இடம் பூஜ்யம். நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள நீரிற் காட்டுவது 15 பாகை. இதனை அளத்திற் கொணர்ந்தால் கடல்நீர் 3 பாகையளவு காட்டும். ஜிப்சம் 13 முதல் 16 பாகைக்குள் படியத் தொடங்கும். உப்பு 25 பாகையைக் கடந்தவுடன் விளையும். 29 அல்லது 30 பாகையில் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். முதியவர் கண்ணாலும் விரலாலும் அறிந்த இரண்டு வேளைகளும் இவ்வாறு இரண்டு எண்களாயின. ஓர் இளைஞன் பத்தாண்டு காத்திராமல் முதற் பருவத்திலேயே அவற்றைக் கற்கலாம். இது பெரும் பேறே. அறிவை எழுத்தாக்குவதால் வரும் நன்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1930-இல் வேதாரணியத்தில் இராஜாஜி உப்பள்ளியதும், 1947 ஏப்ரலில் உப்புத் தீர்வை ஒழிந்ததும் நேயர்கள் அறிந்தவை. அறியாதது ஒன்றுண்டு. தீர்வை ஒழிந்தபின் பத்து ஏக்கருக்கு மேற்படாத அளங்களுக்கு உரிமச்சீட்டு வேண்டாமென்று விடப்பட்டது. சிறு அளத்தார்க்கு இது விடுதலையே. ஆயின் வரியோடு ஏடும் போயிற்று. பழைய ஏடு பாத்திக்குள் இறங்கவில்லையாயினும் கரைவரை வந்துகொண்டிருந்தது. இப்போது அக்கரைக்கும் வருவாரில்லை. சிறு அளத்தார் என்ன செய்கின்றார், எவ்வாறு செய்கின்றார் என்று கேட்க எவர்க்கும் கடமையில்லாமற் போயிற்று.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று கூறமாட்டோம். 1948-இல் அமைந்த உப்பு நிபுணர் குழு 1950-இல் அறிக்கை தந்தது. 1954 ஏப்ரல் 10-ஆம் நாள் நேரு அவர்கள் குஜராத்துப் பவநகரில் மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். அளம் முழுவதையும் ஒரே படமாக வரைந்து, ஒவ்வொரு பாத்திக்கும் இன்ன பாகை, இன்ன கடமை, இன்ன பரப்பு என்று வகுத்தல் இந்நவீன முறையின் சாரம். உப்பு விளையும் பாத்தி ஒரு பங்கானால் நீரைச் சுண்டவைக்கும் தேக்கங்கள் ஏறத்தாழப் பத்துப் பங்கு வேண்டும் என்பது போன்ற கணக்குகள் அப்படத்தில் உண்டு. பெரிய அளங்கள் இவ்வழியிற் பயன் கண்டன. சிறு அளத்தானுக்குத் தேக்கத்திற்கு இடம் ஏது? அவன் நிலம் நான்கு வரப்புக்குள் முடிந்துவிடுகின்றது. ஆகவே அவன் குறைந்த இடத்திற் சில உபாயங்களைக் கையாளுகின்றான்; அவ்வுபாயங்கள் படத்தில் இல்லை.

பாகைக்கருவி அறியாதன இன்னும் பல. நீர் 25 பாகை என்று அது கூறும்; தரை தாங்குமா என்று கூறாது. நாளை கொண்டல் திரும்புமா என்று கூறாது. எண்ணாக மாறாத அறிவை எவ்வாறு ஏட்டில் ஏற்றுவது என்னும் இத்தொல்லை உப்புக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் மாத்சுஷிதா கம்பெனியார் 1985-இல் வீட்டிலே ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை அமைக்க முயன்றனர். மாவை எப்படிப் பிசைந்தாலும் ரொட்டி சரியாக வேகவில்லை. நிபுணர் மாவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பயனில்லை. முடிவில் அக்கம்பெனியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, ஒசாக்கா நகரில் நல்ல ரொட்டிக்குப் பெயர்போன ஓர் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் மாணவியாகச் சேர்ந்து பிசைந்து பழகினார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டார். அதனை இயந்திரக்காரர்க்குச் சொல்ல, அவர்கள் பாத்திரத்தினுள் விலாப்போன்ற புடைப்புக்களை அமைத்து அம்முறுக்கைப் பெற்றனர். ரொட்டிக்காரரைக் கேட்டிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். தாம் முறுக்குவதாக அவரே எண்ணியிருந்தாரோ என்னவோ!

நம் தொழிலுக்கே நேரான உதாரணம் பிரான்சு தேசத்து மேற்குக் கடற்கரையிலுள்ள கெராந்து உப்பளங்கள். நம்மைப்போலவே மண்தரையில், வெயிலாலும் காற்றாலும், மரப்பலகையால் வாரி உப்பெடுக்கும் ஊர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முதியவர் ஓய, பிள்ளைகள் நகரம் நாட, அளங்கள் பாழாகத் தொடங்கின. அளத்தார் 1972-இல் ஒரு கூட்டம் அமைத்தனர். 1988-இல் அது கூட்டுறவு ஸ்தாபனமாயிற்று. இடையில் 1979-இல் அவர்கள் செய்த காரியமே நம் கருத்துக்குரியது: உப்பு விளைக்கும் தொழிலுக்கென ஒரு பயிற்சி வகுப்பை ஏற்படுத்தினர். மாணவர் பாடமும் கேட்பர், தேர்ந்த அளத்தாரிடம் கைப்பழக்கமும் பெறுவர். அளத்தார் குடியிற் பிறவாத இளைஞரும் வந்து சேர்ந்தனர். தந்தையிடமிருந்து மகன் கேளாமலே கற்ற ஒன்றை, அயலானுக்குக் கற்பிக்க நேர்ந்தபோது, முதியவர் தம் செய்கைக்குக் காரணம் சொல்ல வேண்டியவராயினர். அயலான் ஒவ்வொரு படியிலும் ஏன் ஏன் என்று கேட்பான். மகன் அவ்வாறு கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்.

மரக்காணத்தில் இப்போது அந்நிலைமையே வந்திருக்கின்றது. அளத்தார் வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். செல்லட்டும், வெயிலிற் கால் வெடிக்க நிற்பதைக் குலதர்மம் என்று அவர்க்கு உபதேசிக்க நமக்கு வாயில்லை. ஆயின் அவர்கள் எடுத்துச் செல்லாத அறிவு பாத்தியிலும் தங்காது என்பதை எண்ணுதல் வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வெள்ளம் படிந்த அளத்தில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று அறியவே பழகிய கண் வேண்டும். படிந்த வண்டலை வழித்தெறிவதா, மிதித்துத் தரையோடு சேர்ப்பதா என்பதைப் பவநகரத்துப் படமும் கூறாது, கண்ணாடி மிதவையும் கூறாது.

இலாகா நூற்றைம்பது ஆண்டு செய்யாத ஒன்றை நம் குடும்பங்களும் அளத்தார் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு பருவத்திற் செய்யலாம். அளத்திற்கு ஒரு குறிப்பேடு வைத்து, எடையும் கூலியும் எழுதும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில், அன்று செய்த முடிவை மட்டும் எழுதினாற் போதும். நீரை மாற்றினோம் என்பதன்று. எதைக் கண்டு மாற்றினோம், நேற்று ஏன் மாற்றவில்லை என்பது. முடிவு செய்தவர் பெயரும், அவர் யாரைக் கேட்டார் என்பதும் இருத்தல் வேண்டும். அவர் கேட்டது கூடை சுமக்கும் அத்தையையாயின் அவர் பெயரே எழுதப்படுக. எழுதுபவர் அளத்தாராக இருக்க வேண்டுவதில்லை. விடுமுறைக்கு வந்த பேத்தியாக இருப்பின் மிக நன்று, அவள் ஏன் என்று கேட்பாள். முடிவு பொய்த்த நாளையும் மறையாது எழுதுதல் வேண்டும். மழை வருமென்று வாரி, மழை வாராது போன நாட்களின் கணக்கே பிற்காலத்தார்க்கு மிகவும் பயன்படுவது.

தொடங்குதற்குரிய காலம் தை மாதம். முதற் பக்கத்தில் எழுத வேண்டிய வினாவையும் இங்கேயே குறித்துவிடுகின்றோம்: இவ்வாண்டு தரையை எத்தனை நாள் மிதித்தீர்கள், போதும் என்று நிறுத்தியவர் யார், அவர் காலுக்கு அப்போது என்ன தெரிந்தது? விடைகள் வந்து சேர்ந்தால் ஆடி மாதத்து இதழில் அவற்றை நிரலே வெளியிடுவோம்.